வேலை செய்யாத எச்சில்

பம்பரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் போதும். முதலில் அவள் கால் ஆடும். கால் ஆடினால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் பக்கத்தில் இருப்பவனின் பென்சில் தடம் புரளும்.

பக்கத்தில் இருப்பவன் குண்டூசி. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டிய அளவுக்கு ஒல்லி.

"ஆட்டாதடி! நான் போட்ட வட்டம் முட்டை மாதிரி ஆயிடுச்சு பாரு!"

"நானா ஆட்டறேன்? அதுவா ஆடுது."

"கால் உன்னோடதுதானே?"

பம்பரம் வேண்டுமென்றே ஆட்டுவதில்லை. உட்கார வைத்தால் போதும், உடம்புக்குள் யாரோ எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. ஏழில் 'உட்காரு', 'ஆடாதே', 'எங்கே எழுந்திரிக்கறே?' என்றே பொழுது போகும். எட்டாவது அறிவியல். அது மட்டும் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆய்வுக்கூடத்தில் நடக்கும். அங்கே நீளமான மேசைகள் உண்டு, பெஞ்சு கிடையாது. எல்லாரும் நின்றபடியேதான் பாடம். நிற்கலாம், நடக்கலாம், எட்டிப் பார்க்கலாம். பம்பரத்தை அங்கே யாரும் எதற்கும் திட்டியதே இல்லை.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

பெரிய டீச்சர், அதாவது பள்ளியின் தலைமை ஆசிரியை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"கரும்பலகையில எழுதிப் போட்டா பிள்ளைங்க படிச்சுக்கப் போகுது. இதுக்கு ஒரு ரூமை அடைச்சு வைக்கணுமா?" என்று அவர் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டதைப் பம்பரமே காதால் கேட்டாள். "நாளைக்குக் கல்வி அதிகாரி வர்றார். உங்க பாடத்தைப் பார்க்கட்டும். பார்த்துட்டு அவர் என்ன சொல்றாரோ, அதுதான்."

சயின்ஸ் டீச்சர் பள்ளிக்குப் புதிது. மெதுவாகப் பேசுவார். பதற்றம் வந்தால் கையில் இருக்கிற சாக்பீஸை இரண்டாக உடைப்பார். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று சாக்பீஸ் உடைந்திருந்தன.

பள்ளி விட்டதும் பம்பரம் வீட்டுக்குப் போகவில்லை. "டீச்சர், ஏதாவது வேலை இருந்தா குடுங்க" என்று போய் நின்றாள்.

"இந்த டியூபையெல்லாம் கொஞ்சம் கழுவி வைக்கறியா? எனக்கு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஓடினார்.

பத்து சோதனைக் குழாய்கள். பம்பரம் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை. தண்ணீர் விட்டுக் குலுக்கினாள். போகவில்லை. தேய்த்தாள். அசையவே இல்லை.

இந்தக் கறையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அப்பா வீடு வீடாகப் போய்க் குழாய் பழுது பார்ப்பவர். உப்பு படிந்த குழாயை வினிகரில் ஊறப் போட்டால் கறை கழன்று வந்துவிடும் என்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மேசை மேல் நாளைய பாடத்துக்காக ஒரு பாட்டில் வினிகர் இருந்தது. கொஞ்சம் எடுத்தால் என்ன?

ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினாள். கறை போன இடம் தெரியவில்லை. கண்ணாடி புதிது போலப் பளபளத்தது. வினிகரைக் கொட்டிவிட்டு, நன்றாக அலசத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். குழாய் இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான், தண்ணீர் நின்றுவிட்டது.

"இன்னும் யாரு உள்ளே? கேட்டைப் பூட்டணும்!" என்று காவலாளி குரல் கொடுத்தார்.

பம்பரம் அவசர அவசரமாகக் குழாய்களைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள்.

வீட்டில் அப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள்.

"கெட்டிக்காரி! அப்புறம் அலசினியா?" என்றார் அப்பா.

"தண்ணி நின்னு போச்சுப்பா. காலையில போனதும் அலசிடறேன்."

மறுநாள் அவள் மறக்கவில்லை. ஆனால் அதிகாரிக்காகப் பாடவேளையையே மாற்றி, அறிவியலை மதியச் சாப்பாட்டுக்கு முந்தி வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு நிமிடம்கூட வெளியே விடவில்லை. அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. தாங்கியின் முதல் இரண்டு குழாய்களில் டீச்சர் ஏற்கெனவே மாவுத் தண்ணீரை ஊற்றிவிட்டார். அது மட்டுமா? எங்கிருந்தோ பெஞ்சுகளையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"அதிகாரி வர்றப்ப பிள்ளைங்க நின்னுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் பெரிய டீச்சர்.

"டீச்சர், அந்த டியூபெல்லாம்..." என்று ஆரம்பித்தாள் பம்பரம்.

"பளபளன்னு வச்சிருக்கே! ரொம்ப தேங்க்ஸ்ம்மா" என்றார் சயின்ஸ் டீச்சர். பிறகு குனிந்து தாழ்ந்த குரலில், "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஆடாம, எழுந்திரிக்காம, குறுக்கே பேசாம இருந்துடறியா? எனக்காக?" என்று கேட்டார்.

அவர் கையில் இருந்த சாக்பீஸ் ஏற்கெனவே பாதியாகத்தான் இருந்தது.

"இருக்கேன் டீச்சர்" என்றாள் பம்பரம். சொட்டு வினிகர்தானே ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குண்டூசி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அதிகாரி வந்தார். நரைத்த மீசை, கையில் ஒரு நோட்டு. கடைசி பெஞ்சில் பெரிய டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ரொட்டியை ரொம்ப நேரம் மென்னா என்ன ஆகும்?" என்று கேட்டார் சயின்ஸ் டீச்சர்.

"வாய் வலிக்கும்!" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"வலிக்கும்தான். வேற?"

"லேசா இனிக்கும் டீச்சர்" என்றான் குண்டூசி.

"அதேதான்! ரொட்டியில மாவுச்சத்து இருக்கு. நம்ம எச்சில்ல ஒரு வேலைக்காரர் இருக்கார். அவர் பேரு நொதி. அவர் மாவுச்சத்தை வெட்டி வெட்டிச் சின்னச் சின்ன சர்க்கரையா ஆக்கிடுவார். அதான் இனிக்குது. இன்னிக்கு அவரை வேலை செய்ய வச்சுப் பார்க்கப் போறோம். யாராவது கொஞ்சம் எச்சில் தரணும்."

"ச்சீ!" என்றது வகுப்பில் பாதி. மறுபாதி கையைத் தூக்கியது.

"நான் தர்றேன் டீச்சர்! எங்கிட்ட நிறைய இருக்கு!" என்று குண்டூசி எழுந்தே விட்டான்.

அவனே போனான். வாய் கொப்பளித்தான். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஒரு காகிதக் கோப்பையில் எச்சிலைச் சேர்த்துக்கொண்டு வந்தான். ஏதோ பரிசுக் கோப்பையைக் கொண்டுவருகிற மாதிரி அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான்.

டீச்சர் இரண்டு குழாயிலும் அந்த எச்சிலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டாவது குழாயில் மட்டும் ஒரு கரண்டி வினிகர் சேர்த்தார். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினார்.

"பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டுலயும் அயோடின் விடுவோம். அயோடினுக்குப் பழுப்பு நிறம். மாவுச்சத்தைத் தொட்டா கருநீலமா மாறிடும். நொதி மாவுச்சத்தையெல்லாம் வெட்டித் தீர்த்திருந்தா, நீலம் வராது. வினிகர் எதுக்குப் போட்டேன், தெரியுமா? அது அமிலம், புளிப்பு. நம்ம எச்சில்ல இருக்கிற நொதிக்குப் புளிப்பு ஆகவே ஆகாது. கொஞ்சம் பட்டாலே கையைக் கட்டிக்கிட்டு நின்னுடும்."

பம்பரம் சட்டென்று முதல் குழாயைப் பார்த்தாள்.

கொஞ்சம் பட்டாலே!

முதல் குழாயில் வினிகரே இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. நேற்று அவள் ஊற்றியது. நிமிர்த்தி வைத்ததில், ஒட்டியிருந்ததெல்லாம் இறங்கி அடியில் தேங்கியிருக்கும்.

"வயித்துக்குள்ள புளிப்புதான் இருக்குன்னு சொன்னீங்களே டீச்சர். அங்கே எப்படி வேலை நடக்கும்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நல்ல கேள்வி. அங்கே வேலை செய்யறது வேற நொதி. அதுக்குப் புளிப்புதான் பிடிக்கும். புளிப்பு இல்லாட்டி அது படுத்துடும். ஒவ்வொரு நொதிக்கும் ஒவ்வொரு குணம்."

அதிகாரி நோட்டில் ஏதோ எழுதினார். பெரிய டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பம்பரமும் பார்த்தாள். ஒரு நிமிடம்தான் போயிருந்தது.

சொல்லிவிடலாமா? குறுக்கே பேச மாட்டேன் என்று ஒத்துக்கொண்டாயிற்று. எழுந்திரிக்க மாட்டேன் என்றும் ஒத்துக்கொண்டாயிற்று. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். இடது கால் ஆட ஆரம்பித்தது. வலது காலால் அதை மிதித்துக்கொண்டாள். அப்புறம் வலது கால் ஆடியது.

மூன்று நிமிடம். ஒரு சொட்டுதானே இருக்கும்? ஒரு சொட்டு என்ன செய்யும்? இரண்டு சொட்டு இருந்தால்? ஐந்து நிமிடம். கடிகாரத்தின் பெரிய முள்ளை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்களோ?

"பெஞ்சு ரயில் மாதிரி ஓடுதுடி" என்று முணுமுணுத்தான் குண்டூசி. "பேசாம இரு. என் எச்சில் எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் பாரு."

பத்து நிமிடம் ஆயிற்று. டீச்சர் இரண்டாவது குழாயில் அயோடினை விட்டார். கருநீலம்.

"பார்த்தீங்களா? புளிப்பு பட்டதால இங்கே நொதி வேலை செய்யல. மாவுச்சத்து அப்படியே இருக்கு. இப்போ, வினிகர் படாத முதல் குழாய்."

சொட்டு விழுந்தது. கருநீலம்.

டீச்சர் இன்னொரு சொட்டு விட்டார். நீலம் இன்னும் கறுத்தது.

பின்னாலிருந்து ஒரு குரல், "டேய் குண்டூசி, உன் எச்சில் சோம்பேறிடா!" என்றது. குபீரென்று சிரிப்பு கிளம்பியது.

"உடம்புல சத்து இருந்தாத்தானே எச்சில்ல இருக்கும்!" என்றது இன்னொரு குரல்.

குண்டூசி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. பம்பரத்தின் பக்கம் சாய்ந்து, காதோடு காதாகக் கேட்டான். "எனக்கு ஏதாவது வியாதியா இருக்குமோ?"

டக் என்று ஒரு சத்தம். டீச்சர் கையில் சாக்பீஸ் உடைந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே சார்" என்று அதிகாரியிடம் பெரிய டீச்சர் சொல்வது முன் பெஞ்சு வரைக்கும் கேட்டது. "நேரம்தான் வீண்."

பம்பரம் எழுந்துவிட்டாள்.

"டீச்சர், அவன் எச்சில் நல்ல எச்சில்!"

வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கக் காத்திருக்கவில்லை. "தப்பு என் மேலதான். நேத்து டியூபையெல்லாம் வினிகர் போட்டுக் கழுவினேன். உப்புக்கறை போகட்டும்னு. அலசறதுக்குள்ள தண்ணி நின்னு போச்சு. அந்த முதல் டியூப்லயும் வினிகர் இருக்கு டீச்சர்!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டீச்சர்.

"சொல்லத்தான் வந்தேன். அப்புறம்... குறுக்கே பேசாம இருக்கேன்னு சொல்லிட்டேன்."

டீச்சர் உடைந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். பிறகு, "ஆமா. நான்தான் பேச விடல" என்றார்.

அதிகாரி நோட்டை மூடினார். "ஏம்மா, ஒரு சொட்டு வினிகர் ஒட்டிக்கிட்டிருந்தா இவ்வளவு ஆகுமா? அதனாலதான்னு நீ எப்படி நிச்சயமா சொல்றே?"

பம்பரம் யோசித்தாள். "நிச்சயமாத் தெரியாது சார். ஆனா பார்த்தா தெரிஞ்சுடும். இன்னும் எட்டு டியூப் இருக்கு. எல்லாம் நான் கழுவினதுதான். ஒண்ணை நல்லா அலசுவோம். ஒண்ணை அலசாம அப்படியே வச்சுக்குவோம். ரெண்டுலயும் அதே மாவுத் தண்ணி, அதே எச்சில். அப்போ வித்தியாசம் தெரியும் இல்லே?"

"மணி அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கு" என்றார் பெரிய டீச்சர்.

"அப்போ சீக்கிரம் வா" என்று டீச்சர் பம்பரத்தைக் கையைக் காட்டி மேசைக்கு அழைத்தார்.

தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். இன்றைக்கும் இருமல்தான். பம்பரம் ஓடிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தாள். மூன்று முறை அலசினாள். போதுமா என்று சந்தேகம். முன் பெஞ்சிலிருந்து இன்னொரு பாட்டில் நீண்டது. மேலும் இரண்டு முறை அலசினாள். அலசிய குழாயின் கழுத்தில் தன் தலைமுடி ரப்பரைக் கழற்றிச் சுற்றிவிட்டாள், மாறிப் போகாமல் இருக்க. மாவுத் தண்ணீரை இரண்டிலும் சரிமட்டமாக ஊற்றினாள்.

"எச்சில்!" என்றாள்.

குண்டூசி கோப்பையோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"வர மாட்டேங்குது" என்றான் பரிதாபமாக. "பயத்துல வாய் காய்ஞ்சு போச்சு."

"புளிப்பு மிட்டாயை நெனச்சுக்கோடா!"

"எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாக்குல பிழியற மாதிரி நெனச்சுக்கோ!"

இப்படி ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்ல, சொன்னவர்கள் வாயிலெல்லாம் ஊறியது. நல்ல வேளையாகக் குண்டூசிக்கும் ஊறியது.

ஒவ்வொரு குழாயிலும் பத்துச் சொட்டு. பம்பரம் வாய்விட்டு எண்ணினாள். வகுப்பும் சேர்ந்து எண்ணியது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் நிறுத்தியாயிற்று. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த ஏழு நிமிடத்தில் எந்தப் பிள்ளையும் பெஞ்சில் இல்லை. முதலில் முன்வரிசை எழுந்தது. அது மறைக்கிறது என்று பின்வரிசை எழுந்தது. கடைசியில் அதிகாரியும் எழுந்து வந்து, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு நின்றார். குண்டூசி நகத்தைக் கடித்தான். டீச்சர் புது சாக்பீஸ் ஒன்றை எடுத்து உருட்டினார். பம்பரம் மேசையைச் சுற்றி வந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"விடலாமா?" என்றார் டீச்சர்.

அலசாத குழாயில் முதல் சொட்டு. கருநீலம்.

ரப்பர் சுற்றிய குழாயில் ஒரு சொட்டு.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சொட்டு மெல்லக் கீழே இறங்கியது. பழுப்பாகவே இறங்கியது, பழுப்பாகவே கரைந்தது. டீச்சர் குழாயை மெதுவாகக் குலுக்கினார். வெளிர் மஞ்சள். நீலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"வேலை செய்யுது!" என்று குதித்தான் குண்டூசி. "என் எச்சில் வேலை செய்யுது! ஏழே நிமிஷத்துல மொத்தத்தையும் வெட்டிப் போட்டுடுச்சு!"

சோம்பேறி என்று சொன்னவனே அவன் முதுகில் தட்டினான். சட்டைக்குள் ஆள் இருந்ததால் தட்டு சரியாகவே விழுந்தது.

டீச்சர் இரண்டு குழாயையும் உயர்த்திப் பிடித்தார். இந்த முறை அவர் குரல் மெதுவாக இல்லை. "நான் ஒரு கரண்டி வினிகர் ஊத்திக் காட்டினேன். அடியில ஒட்டிக்கிட்டிருந்த சொட்டே போதும்னு இவ காட்டிட்டா. இதை நானே இப்பத்தான் பார்க்கறேன். இன்னொண்ணு, டியூபை எடுத்ததும் நானும் ஒரு தடவை அலசிட்டு ஆரம்பிச்சிருக்கணும். அதையும் எழுதிக்கோங்க."

முப்பத்தாறு பிள்ளைகளும் நின்றபடியே எழுதினார்கள்.

பெரிய டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்போ சார், இந்த ரூமை..."

"முதல்ல இந்தப் பெஞ்சையெல்லாம் வெளியே எடுத்துடுங்க" என்றார் அதிகாரி. "அங்கே உட்கார்ந்திருந்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. எழுந்து வந்த பிறகுதான் பாடமே புரிஞ்சுது. ரூம் ரூமாவே இருக்கட்டும்."

பம்பரத்துக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும் போலிருந்தது. சுற்றினாள்.

மதிய மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

"டீச்சர், எல்லார் எச்சிலும் ஒரே வேகத்துல வேலை செய்யுமா? சின்னவங்க எச்சில், பெரியவங்க எச்சில் எல்லாம் ஒண்ணுதானா?" என்று பம்பரம் கேட்டாள்.

"தெரியலையே" என்றார் டீச்சர். "நான் செஞ்சு பார்த்ததில்லை."

அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டார். அக்கம் பக்கம் பார்த்தார். பிறகு ஒரு காகிதக் கோப்பையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரிய டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் கையை நீட்டி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!" என்றார் கண்டிப்பான குரலில். "ஒருத்தரும் பார்க்கக் கூடாது!"